சுகம் எங்கே இருக்கிறது? ரமணரின் ஆத்ம விசாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி (1879–1950) காட்டிய வழி ஆத்ம விசாரம், அதாவது 'நான் யார்?' என்று தன்னையே உள்ளே ஆராய்ந்து பார்ப்பது. அந்த வழியில் நிம்மதியைத் தேடத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குப் பிடிபட்ட அளவில் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்களும், வீட்டிலோ வேலை இடத்திலோ கொடுமையை அனுபவிப்பவர்களும் மட்டும் தங்களுக்கான கேள்வியை முதலில் படித்துவிடுங்கள். அது மற்றதையெல்லாம்விட அவசரமானது.

சுகம் நமக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அண்ணாமலையின் விருபாக்ஷ குகைக்கு வந்தார். தத்துவம் படித்தவர், வருவாய்த் துறை ஊழியர். குகையில் இருந்த ரமணருக்கு அப்போது 22 வயது. பேசும் நாட்டமே இல்லாமல் இருந்த காலம் அது. பிள்ளை கேட்கக் கேட்க, அவர் மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் 1923-ல் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகமாக அச்சாயின. ஒரே மூச்சில் படித்துவிடலாம், அவ்வளவு சிறியது.

அதில் ரமணர் எடுத்து வைக்கும் வாதம் எளிமையானது. எல்லா உயிரும் துக்கம் கலக்காமல் எப்போதும் சுகமாக இருக்கவே விரும்புகிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதேபோல ஒவ்வொருவருக்கும் தன்மேல்தான் ஆகப் பெரிய பிரியம். பிரியம் சுகம் இருக்கும் இடத்தில்தான் போய் ஒட்டும். அப்படியானால் நமக்கு மிகப் பிரியமான 'நான்' என்பதிலேயே சுகம் இருக்க வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில் வீடு, பணம், உறவு, பெயர் எதுவும் கூட வருவதில்லை. ஆனாலும் அங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். வெளியிலிருந்து ஒன்றும் வராத இடத்தில் கிடைத்த சுகம் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

அப்புறம் அவர் ஓர் உவமை சொல்கிறார். வெயிலில் அலைந்தவன் மரநிழலுக்கு வந்து குளிர்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயிலுக்குப் போகிறான். சூடு தாங்காமல் திரும்ப ஓடி வருகிறான். விவேகம் உள்ளவன் நிழலை விட்டு நகர்வதில்லை. இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு விஷயம்: நிழலை யாரும் உண்டாக்கவில்லை. அது எப்போதும் அங்கேயே இருந்தது. ரமணர் சொல்லும் சுகமும் சம்பாதித்துச் சேர்ப்பது இல்லை. நாம் அதை விட்டு வெளியே வந்துகொண்டே இருக்கிறோம் என்பதுதான் அவர் காட்டும் சிக்கல்.

ஆசைப்பட்டது கிடைக்கும்போது சந்தோஷம் வருகிறதே. அது பொய்யா?

பொய் இல்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானதுதான். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் நாம் தவறாகக் கணக்குப் போடுகிறோம்.

பிள்ளைக்குத் தேர்வு முடிவு வரப் போகிறது. இரண்டு வாரமாக வயிற்றில் நெருப்பு. முடிவு வருகிறது, நல்ல மதிப்பெண். அந்த நொடியில் ஒரு பெரிய நிம்மதி பரவுகிறது. மதிப்பெண் பட்டியலில் இருந்த சுகம் நமக்குள் பாய்ந்தது என்று நினைக்கிறோம். ரமணரின் விளக்கம் வேறு. அந்த நொடியில் ஆசை அடங்கியது, வெளியே ஓடிக்கொண்டிருந்த மனம் கொஞ்சம் உள்ளே திரும்பியது, அங்கே ஏற்கெனவே இருந்த சுகம் தெரிந்தது. அடுத்த வாரம் கல்லூரிச் சேர்க்கை பற்றிய கவலை வந்ததும் மனம் மறுபடி வெளியே போய்விடுகிறது. மதிப்பெண் பட்டியல் அப்படியேதான் அலமாரியில் இருக்கிறது. சுகம் மட்டும் காணோம்.

1978-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. இலினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேர், எந்தப் பரிசும் விழாத 22 பேர், விபத்தில் கை கால் செயலிழந்த 29 பேர் ஆகியோரிடம் மகிழ்ச்சியை 5-க்கு மதிப்பிடச் சொன்னார்கள். பரிசு விழுந்தவர்களின் சராசரி 4.00, விழாதவர்களுடையது 3.82. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, காலை உணவு, நண்பருடன் பேச்சு போன்ற அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் பரிசு விழுந்தவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.

இந்த ஆய்வைக் காட்டி 'வெளிச் சூழ்நிலையே முக்கியமில்லை' என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. விபத்தில் பாதிக்கப்பட்டவர்களின் சராசரி 2.96. பலரும் நினைப்பதுபோல அடியோடு இருண்டுவிடவில்லை, ஆனால் மற்ற இரு பிரிவினரையும்விடத் தெளிவாகவே குறைவு. உடம்புக்கு வரும் பெரிய இழப்பு மனிதரைப் பாதிக்கத்தான் செய்கிறது. இதை மறைத்துப் பேசும் எந்த ஆன்மிகமும் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் பணமும் வேலையும் உடல்நலமும் தேவைதானே?

தேவைதான். பசித்தவனிடம் போய் 'உன்னை விசாரி' என்பது கொடுமை. விருபாக்ஷ குகைக் காலத்தில் ரமணருடன் இருந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வந்துதான் எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு ஆசிரமம் வளர்ந்ததும், விடியும் முன்பே எழுந்து சமையல் கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். சட்னி அரைத்தார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக எதையும் பரிமாற விடமாட்டார். சோற்றைத் துச்சமாக நினைத்தவர் செய்யும் காரியமா இது?

வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, சர்க்கரை நோய் மாத்திரை எல்லாவற்றையும் கவனியுங்கள். 'இது கிடைத்தால்தான் நான் சரியாவேன்' என்ற சுமையை மட்டும் அவற்றின்மேல் ஏற்றாதீர்கள்.

அவருக்குக் குடும்பமா குட்டியா? குகையில் உட்கார்ந்திருந்தவர் சொல்வது சுலபம்தானே?

நியாயமான கேள்வி. அவர் வாழ்க்கையைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்தவர். 12 வயதில் அப்பா இறந்துவிட்டார். குடும்பம் சிதறி, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், 16 வயதில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்து, 'இந்த உடம்பு செத்தால் நானும் சாவேனா?' என்று தனக்குள் பார்த்தார். அன்றோடு அந்தப் பயம் போனது. ஆறு வாரம் கழித்து, அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்துடன் வைத்துவிட்டுக் கிளம்பினார். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் சொகுசு ஒன்றும் காத்திருக்கவில்லை. பையன்கள் கல்லெறிந்தார்கள். அதற்குத் தப்பிப் பெரிய கோவிலின் நிலவறைச் சந்நிதியான பாதாள லிங்கத்தில் போய் உட்கார்ந்தபோது பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். பணம் இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் ஏமாற்றத்தில் அவரையும் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய அன்பரை அவர் தடுத்தார். அடிபட்ட மற்றவர்களுக்கு மருந்து போடச் சொன்னார். கடைசியில் 1949-ல் இடது கையில் புற்றுநோய்க் கட்டி. ஒரே ஆண்டில் நான்கு அறுவை சிகிச்சைகள். அந்த வலியோடும், தரிசனத்துக்கு வந்தவர்களைப் பார்க்க விடாமல் கதவை அடைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு உடம்பை விட்டார்.

அவருக்கு நம்மைப்போலக் கடன் தவணை இல்லை, மாமியார் மருமகள் சண்டை இல்லை, அது உண்மை. ஆனால் வலி, இழப்பு, அவமானம், அடி எல்லாம் அவருக்கும் வந்தன. வெளியே எல்லாம் நன்றாக இருந்ததால் சுகமாக இருந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

சரி, ஆத்ம விசாரத்தை எப்படித்தான் செய்வது?

மனதில் ஏதாவது ஒரு எண்ணம் எழுகிறது. அதன் பின்னாலேயே போகாமல் 'இந்த எண்ணம் யாருக்கு வந்தது?' என்று கேளுங்கள். 'எனக்கு' என்று தோன்றும். உடனே 'இந்த நான் யார்?' என்று அந்த 'நான்' மேலேயே கவனத்தைத் திருப்புங்கள். கவனம் அங்கே போனதும், வந்த எண்ணம் தானாகவே அடங்கும். கொஞ்ச நேரம் அமைதி. அடுத்த எண்ணம் வரும். மறுபடி அதேதான். இவ்வளவுதான் முறை.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது எங்கே தடுக்கும் என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் அண்ணி குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு குத்தல் பேச்சு பேசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனம் உடனே பதில் தயாரிக்க ஆரம்பிக்கிறது. 'போன தீபாவளிக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா' என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வருகிறது. அந்தக் கணத்தில் 'இந்தக் கோபம் யாருக்கு?' என்று கேட்டால், ஆரம்பத்தில் எரிச்சல்தான் வரும். 'எனக்குத்தான், வேறு யாருக்கு? என்னைத்தானே சொன்னார்!' என்று மனம் இன்னும் வேகமாக அண்ணி பக்கம் ஓடும். இங்கேதான் நிதானம் வேண்டும். 'என்னை' என்று சொல்கிறீர்களே, அந்தக் காயப்பட்ட 'நான்' இப்போது எங்கே இருக்கிறது? அது எப்படி உணரப்படுகிறது? அண்ணியை விட்டுவிட்டு அதை மட்டும் பாருங்கள். கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. நியாயப்படுத்தவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கோபப்படுபவரை நேராகப் பார்க்க முயல வேண்டும், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்கக் கோபத்துக்குத் தீனி குறைகிறது. அதற்கப்புறம் அண்ணிக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள். அந்தப் பதில் வேறு மாதிரி இருக்கும்.

தனியாக உட்கார்ந்து செய்ய ஆசைப்பட்டால் காலையில் கால் மணி நேரம் போதும். பாயிலோ நாற்காலியிலோ வசதியாக உட்காருங்கள். மனம் ரொம்பவும் அலைந்தால் முதலில் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மூச்சு அடங்கினால் மனமும் அடங்கும் என்று ரமணரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் மூச்சு பழையபடி ஓட ஆரம்பித்ததும் மனமும் கிளம்பிவிடும் என்று எச்சரிக்கிறார். மூச்சைக் கவனிப்பது மனதைப் பிடித்து நிறுத்த ஓர் உதவி. அங்கிருந்து விசாரத்துக்குப் போக வேண்டும். உணவைப் பற்றி அவர் சொன்னதும் சுருக்கம்தான்: சாத்விகமானதை மிதமாகச் சாப்பிடுங்கள்.

உட்காரும் நேரத்தைவிட, நாள் முழுக்க வரும் சின்னச் சின்ன இடைவெளிகள் முக்கியம் என்பது என் எண்ணம். பேருந்துக்குக் காத்திருக்கும்போது, பால் பொங்குவதற்கு முன், கூட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் போனை எடுக்காமல் 'இப்போது இங்கே இருக்கும் நான் யார்?' என்று திரும்பிப் பார்ப்பது. இது பழகிவிட்டால் வாட்ஸாப் கோபம் வரும்போதும் கேள்வி தானாக நினைவுக்கு வரும். காலையில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு மீதி நாளை மறந்துவிட்டால், கோபத்தின் நடுவில் கேள்வி கிடைக்காது.

'நான் யார், நான் யார்' என்று ஜபம்போலச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். அது மந்திரம் இல்லை. 'நான் பிரம்மம்', 'நான் ஆத்மா' என்று மனதால் விடை சொல்லவும் வேண்டாம். அது இன்னொரு எண்ணம், அவ்வளவுதான். கேள்வி கவனத்தைத் திருப்புவதற்கு. திரும்பியதும் அதன் வேலை முடிந்தது. மற்ற எண்ணங்களை அழித்துவிட்டு இந்த எண்ணமும் கடைசியில் தானே அழியும் என்கிறார் ரமணர்.

என் மனம் ஒரு நொடிகூட நிற்பதில்லை. எனக்கு இது சரிப்படாது போலிருக்கிறதே?

மனம் நிற்காதது உங்கள் தனிப்பட்ட குறை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாகப் பகலில் அவ்வப்போது 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 விழுக்காடு மனம் செய்யும் வேலையில் இல்லை, வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மனிதர்கள் குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள். இன்பமான விஷயங்களை நினைத்து அலைந்தபோதுகூட, செய்யும் வேலையில் மனம் இருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை. மனம் வெளியே வரும்போது துக்கத்தை அனுபவிக்கிறது என்று விருபாக்ஷ குகையில் எழுதிக் காட்டப்பட்டதற்கு வெகு அருகில் வருகிறது இந்த முடிவு.

எண்ணங்கள் கடல் அலைபோல வந்துகொண்டேதான் இருக்கும் என்று 'நான் யார்?' நூலே சொல்கிறது. எத்தனை எழுந்தாலும் அத்தனையையும் விசாரிக்க வேண்டியதுதான். 'இவ்வளவு பாவம் செய்த நான் எப்படித் தேறுவேன்' என்று அழுது புலம்புவதையும் அவர் ஏற்பதில்லை. அந்தப் புலம்பலும் ஒரு எண்ணம்தான். அதையும் யாருக்கு என்று கேட்கலாம்.

தூக்கத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. அதைப் போய்ச் சுகம் என்பது எப்படி?

இந்த வாதத்தில் எல்லோரும் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். தூங்கும்போது 'நான் சுகமாக இருக்கிறேன்' என்ற நினைப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுந்ததும் 'நன்றாகத் தூங்கினேன்' என்று சொல்கிறோம். இரண்டு இரவு தூக்கம் கெட்டவரிடம் கேளுங்கள், அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பார். மெத்தையும் குளிர்சாதனமும் வாங்குகிறோம், கடைசியில் அவற்றையும் மறந்து போவதற்காக. வெறும் சூனியத்தின்மேல் யாருக்கும் இவ்வளவு ஆசை வராது.

அதற்காகத் தூங்கிக்கொண்டே இருப்பது தீர்வு ஆகாது. தூக்கத்தில் மனம் ஒளிந்துகொள்கிறது, எழுந்ததும் பழைய வாசனைகளோடு, அதாவது ஊறிப்போன மனப் பழக்கங்களோடு, திரும்பி வருகிறது. விழித்திருக்கும்போதே, தெளிவோடு அந்த அமைதியில் இருப்பதைத்தான் ரமணர் காட்டுகிறார். பயிற்சிக்கு உட்கார்ந்து கண் சொக்கிப் போனால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

துக்கம் வந்தால் அழக்கூடாதா?

தாராளமாக அழுங்கள். உள்ளே நிலைத்தவர் கல்லாக இருப்பார் என்பது நம்மிடையே பரவியிருக்கும் பெரிய தப்பெண்ணம்.

அடியார்களின் கதைகளைப் படிக்கும்போது ரமணருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், கண்ணில் நீர் வரும், படிக்க முடியாமல் நிறுத்திவிடுவார். கூட இருந்தவர்கள் இதைப் பலமுறை எழுதியிருக்கிறார்கள். அவருடைய அம்மா அழகம்மாள் கடைசிக் காலத்தில் மகனோடு வந்து தங்கினார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். ஆசிரமத்தில் கன்றுக்குட்டியாக வந்து வளர்ந்த பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோதும் அருகில் போய் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார். மனிதர்களுக்குச் செய்வதுபோல முறையாக அடக்கம் செய்ய வைத்து, சமாதிக்கு ஒரு பாடலும் எழுதினார். இன்றும் ஆசிரமத்தில் அந்தச் சமாதியைப் பார்க்கலாம்.

அம்மாவை இழந்து பதினைந்து நாள் ஆன ஒருவரிடம் 'எல்லாம் மாயை, ஆத்மா சாவதில்லை' என்று சொல்லிவிட்டுப் போவது ஆறுதல் இல்லை, அவரைத் தனியே விடுவது. அவர் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட வையுங்கள். விசாரம் அவராக வரும்போது வரட்டும்.

உங்களுக்கே அந்த நிலை வந்தால், துக்கத்தை விரட்ட விசாரத்தைக் கருவியாக்காதீர்கள். அழுகை வரட்டும். அலை அடங்கிய நேரத்தில், அழுததும் இப்போது அமைதியாக இருப்பதுமான அந்த 'நான்' எது என்று மெதுவாகப் பார்க்கலாம். துக்கம் நீங்கள் விரும்பும் வேகத்தில் கரையாது. ஆனால் துக்கமே நான் என்ற இறுக்கம் தளரும்.

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன். அதை நிறுத்திவிட்டு விசாரம் செய்யலாமா?

கூடாது. மருத்துவரைக் கேட்காமல் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். மனச்சோர்வு ஒரு நோய். பக்தி குறைவாலோ மன உறுதி இல்லாததாலோ வருவது இல்லை. கையில் கட்டி வந்தபோது ரமணரே மருத்துவர்கள் செய்த அறுவை சிகிச்சைகளுக்கு உடன்பட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் கடுமையாக இருக்கும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து உள்ளே பார்ப்பது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். 'நான்' என்று திரும்பினால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குரல்தான் பெரிதாகக் கேட்கும். அப்போது பயிற்சியை நிறுத்திவிடுங்கள். நடந்து போய் வருவது, கோவில் பிராகாரத்தைச் சுற்றுவது, தோட்ட வேலை, நம்பிக்கையானவர்களுடன் பேச்சு, இவை நல்லது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல உதவி எந்த நேரமும், தமிழிலும் கிடைக்கும்.

அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு உள்ளே சுகமாக இரு என்கிறதா இந்தப் போதனை?

இல்லவே இல்லை. அடிக்கிற கணவனிடமும், கூலியை மறுக்கிற முதலாளியிடமும், சாதி சொல்லி ஒதுக்குகிறவர்களிடமும் இந்தப் போதனையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். 'உன் மனசுதான் காரணம், நீ மாறு' என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்ல அவர்களுக்கு அது வசதியான ஆயுதம் ஆகிவிடும். வீட்டில் வன்முறை இருந்தால் பெண்கள் 181-ஐ அழையுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். விசாரம் காத்திருக்கும்.

உள்ளே நிலைபெற்றவர் அதிகாரத்துக்குப் பணிந்துபோவார் என்று நினைப்பவர்கள் நம் அப்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அவர் பாடியது 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று. யாருக்கும் நான் குடிமகன் இல்லை, எமனுக்கும் பயமில்லை. அதே பாட்டில்தான் 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். அரசன் தருவதும் பறிப்பதும் தன் சுகத்தைத் தீர்மானிக்காது என்று தெரிந்தவருக்குத்தான் அரசனிடம் 'வரமாட்டேன்' என்று சொல்லும் துணிவு வந்தது. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோதும் அவர் வீணையையும் மாலை நிலாவையும் வீசு தென்றலையும் பாடினார் என்கிறது மரபு.

பயம் குறையக் குறைய, எதிர்த்து நிற்கும் சக்தி கூடத்தான் செய்யும்.

குடும்பத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். சந்நியாசம் வாங்க அனுமதி கேட்டு வந்த பலரை ரமணர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். வீட்டை விட்டாலும் மனம் கூடவே வருமே என்பதுதான் அவர் பதில். 1911-ல் அவரைப் பார்க்க வந்த ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேயர் காவல்துறை அதிகாரி. அவரிடமும் வேலையைச் செய்துகொண்டே தியானம் செய்யச் சொன்னார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அல்லது நான் வேறு மதம். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும். 'நான்' இருக்கிறேன் என்பதை நம்பிக்கை இல்லாமலே ஒப்புக்கொள்ளலாம், ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈராக்கிலிருந்து வந்த யூதரான எஸ். எஸ். கோஹன், ஆங்கிலேய ராணுவ அதிகாரி சாட்விக் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அவர் அருகில் வாழ்ந்தார்கள். யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை.

எனக்கு விசாரம் வரவில்லை, பக்திதான் வருகிறது. என்ன செய்வது?

அப்படியானால் பக்தியையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று நான் யார் என்று விசாரி, அல்லது உன்னை முழுமையாக இறைவனிடம் ஒப்படை என்று இரண்டு வழியையும் அவர் சொல்லியிருக்கிறார். பிச்சைக்குப் போகும் அன்பர்கள் தெருவில் பாடுவதற்காக அவரே 108 கண்ணிகளில் அருணாசல அட்சரமணமாலையை எழுதிக் கொடுத்தார். அதில் காதலி தலைவனிடம் கெஞ்சுவாள், சண்டை போடுவாள், கோபிப்பாள். விசாரத்தை மட்டுமே சொன்னவர் என்று அவரை நினைப்பவர்கள் அதை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும்.

ஒப்படைப்பு என்பது 'நான் கேட்டதை நீ கொடு' என்ற பேரம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்வரை சுகம் இன்னும் வெளியிலேதான் இருக்கிறது.

பலன் தெரிய எவ்வளவு நாளாகும்?

இதற்கு நாள் கணக்கு சொல்பவர்களை நம்பாதீர்கள். கோபம் வந்தால் முன்பு மூன்று நாள் நீடித்தது இப்போது ஒரு மணி நேரத்தில் அடங்குகிறதா, யாராவது பாராட்டாவிட்டாலும் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். ஒளி தெரிந்தது, உடம்பு சிலிர்த்தது என்பதையெல்லாம் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருவண்ணாமலைக்குப் போயே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. 1896-ல் வந்தவர் 1950 வரை அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை, ஆனால் மற்றவர்கள் வந்தால்தான் ஆகும் என்று அவர் சொல்லவில்லை. 'நான்' எல்லா ஊரிலும் இருக்கிறது.

போக விரும்பினால் பௌர்ணமியைத் தவிருங்கள். அன்று கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், உட்கார இடம் கிடைக்காது. சாதாரண நாளில் காலையிலேயே ஆசிரமத்தின் பழைய ஹாலுக்குப் போய்விடுங்கள். ரமணர் பல ஆண்டுகள் இருந்த இடம் அது, பேச்சுச் சத்தம் இருக்காது. ஆசிரமத்தின் பின்பக்கமிருந்து மலைப்பாதையில் ஏறினால் அவர் 1916 முதல் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமம் வரும். அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்ட விருபாக்ஷ குகை. வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர், முட்டி வலி உள்ளவர்கள் முழுவதும் நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஆசிரமத்தில் தங்க நினைத்தால் நன்றாக முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.